லவுசு மலையில் தைப்பூசம்

ஐரோப்பாவுக்குப் போனீர்களே, என்னென்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா ரயிலைச் சொல்வார். கரி போட்டு ஓட்டுகிற, பொம்மை மாதிரி ஒரு குட்டி ரயில். அம்மா எதையும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "என்னத்தப் பாத்தோம், வாயத் தொறந்தாப் பொகை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அத்தையைக் கேட்டால், "சாமி பாத்தேனுங்க" என்பாள். கேட்டவர் திகைத்துப்போய் என் பக்கம் திரும்புவார். ஆமாம் என்று நான் தலையாட்டுவேன். நேரில் பார்த்த சாட்சி நான்தானே.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா தவறிய பிறகு எங்களோடுதான் இருந்தாள், பிள்ளை இல்லை. முதலிபாளையத்தில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி உண்டு. கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. ஊரில் எல்லோரும் அப்பாவைத்தான் முதலாளி என்று கும்பிடுவார்கள். அப்பாவும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார். நிஜத்தில் முதலாளி அத்தை. அவளுக்கு வேண்டிய இங்கிலீஷைப் பேசிக் கொடுப்பது அப்பாவின் உத்தியோகம்.

இந்த அத்தை வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பாள். மார்கழியிலேயே மாலை போட்டு, பச்சைச் சேலை கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறிவிடுவாள். கம்பெனியில் அதட்டுகிற அதே குரலில் ரோட்டிலும் "கந்தனுக்கு" என்பாள். பின்னால் வருகிற கூட்டம் பயந்துபோய் "அரோகரா" போடும். பல்லடம், உடுமலை, மடத்துக்குளம் என்று அவர்கள் நடக்க, நாங்கள் ஆம்னி வேனில் வாழைப்பழமும் குளுக்கோஸுமாக ஊர்ந்துகொண்டே பின்னால் போவோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த நடை என்று சொல்வார்கள். எதுக்கு நடக்கறீங்க என்று கேட்டால் "வேண்டுதல்" என்பாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "வெளிய சொன்னாப் பலிக்காது கண்ணு" என்று வாயை மூடிக்கொள்வாள். கம்பெனி நன்றாக ஓட வேண்டும் என்பதைத் தவிர இவளுக்கு வேறென்ன இருந்துவிடப் போகிறது என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். தூக்கத்தில்கூட ஷிப்மென்ட் ஷிப்மென்ட் என்று முனகுகிறவள் அவள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இடது பாதம் உள்பக்கம் திரும்பிக்கொண்டு பிறந்தவள் நான். மாவுக்கட்டு, ஆபரேஷன், இரும்புப் பட்டை வைத்துத் தைத்த பூட்ஸ் எல்லாம் ஆகி, கடைசியில் கோயமுத்தூர் டாக்டர், "பாதம் நேராயிருச்சு, இனி ஓடட்டும், ஆடட்டும்" என்று சொல்லியும் விட்டார். எங்கள் வீட்டில்தான் ஒருத்தரும் நம்பவில்லை. பூட்ஸை விடவும் இல்லை. நாற்காலியிலிருந்து இறங்கினால் போதும், எங்கிருந்தோ "மெதுவா" என்று ஒரு குரல் வரும். மாடிப்படியில் கால் வைத்தால் அப்பா, அம்மா, அத்தை என்று மூன்று குரல். கம்பெனி வாட்ச்மேன்கூட கேட்டைத் திறந்துவிட்டு "மெதுவா கண்ணு" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழநியில் என் வயசுப் பிள்ளைகள் படியில் தாவிக்கொண்டு ஏற, என்னை மட்டும் நடக்க முடியாத பெரியவர்களோடு விஞ்சில் உட்காரவைத்து மேலே இழுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அடிவாரத்தில் நின்று, "இந்தத் தடவ படியேறட்டுமே" என்று அத்தை இழுப்பாள். "வேண்டாமுங்க அண்ணி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். அம்மா அத்தையை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, தை மாதம் வரச்சொல்லிப் பையரம்மா எங்களைக் கூப்பிட்டாள். எங்கள் உடுப்பை வாங்கி விற்கிற ஜெர்மன்காரி அவள்; வீட்டில் எல்லோருக்கும் அவள் பையரம்மாதான். திருப்பூர் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த உபசாரத்துக்குப் பதில் செய்ய நினைத்தாளோ என்னவோ, குடும்பத்தோடு வாருங்கள், ஆர்டரையும் பேசி முடித்துவிடலாம் என்று போனில் சொன்னாள். தேதியைக் கேட்ட அத்தை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். கட்டம் கட்டினாற்போலத் தைப்பூசத்தின்மேல் வந்து விழுந்திருந்தது. போகாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிடும், தைக்கிறவர்களுக்கு வேலை இருக்காது. போனால் இத்தனை வருஷ நடை அறுந்துவிடும். சில நாள் அவள் போகிறபோதும் வருகிறபோதும் காலண்டரையே பார்த்தாள். பிறகு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தானாகவே சொன்னாள்.

"போலாம் தம்பி. அங்கயும் ஒரு மலைய வெக்காமயா உட்டிருப்பான் முருகன்? ஆனா அம்மிணியும் வரோணும்."

அம்மிணி என்றது என்னை. நான் எதற்கு என்று அம்மா கேட்டுப்பார்த்தாள். அத்தை எழுந்து கை கழுவப் போய்விட்டாள். முதலாளி பதில் சொல்லாவிட்டால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

பையரம்மாவின் ஊர் ஜெர்மனியின் ஒரு மூலையில் இருந்தது. ஒரு பக்கம் செக் நாடு, இன்னொரு பக்கம் கொஞ்சம் தள்ளிப் போலந்து. மூன்று நாடும் முட்டிக்கொள்கிற இடம் முழுக்க மலையும் கரும்பச்சை மரங்களுமாக இருக்கும். போய் இறங்கிய மறுநாள் ஆர்டர் பேச்சு நடந்தது. நல்லபடியாக நடக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன சாம்பிளில் ஒரு கட்டு முழுவதையும், கலர் ஒன்றுக்கொன்று சேரவில்லை என்று ரிஜெக்ட் பண்ணிவிட்டாள். அதுவும் சும்மா துணி இல்லை, குளிருக்குப் போடுகிற, உள்பக்கம் பஞ்சுபோல இருக்கும் கனத்த துணி. மீதியை அப்புறம் பேசுவோம், நாளைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். அந்த நாளைக்குத்தான் தைப்பூசம்.

அன்று விடிந்ததிலிருந்து அத்தை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. பச்சைச் சேலை, அதன்மேல் அப்பாவின் ஓவர்கோட்டு, கழுத்தில் மாலை, தலையில் குரங்குக் குல்லா. வீட்டுக்கு வந்த விருந்தாளி ரொட்டியைத் தொடவில்லையே என்று பையரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அப்பா அவளிடம் விரதத்தை விளக்கினார். எவ்வளவு நேரம் என்று அவள் கேட்டாள்.

"மலையேறிச் சாமி பாக்கற வரைக்குமுன்னு சொல்லு தம்பி," என்றாள் அத்தை. "பாக்காமத் தண்ணி எறங்காது எனக்கு."

அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோயில் என்று ஒன்றும் இல்லை. இவள் சொன்னால் சொன்னதுதான் என்பது அவருக்குத் தெரியும். ஊர் போய்ச் சேருகிறவரை பட்டினி கிடந்தாலும் கிடப்பாள்.

முதலில் குட்டி ரயில். ஜன்னல் வழியாகக் கையை நீட்டக்கூடாது என்று அம்மா என்னிடம் சொல்ல, அப்பா கையை நீட்டிக்கொண்டே வந்தார். அடுத்து, பாறைமேல் ஒரு பழைய மடம். சுவர் மட்டும் நிற்கிறது, கூரை இல்லை. பையரம்மா அதன் பெருமையை நெடுநேரம் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அத்தை, "இத்தன பேரு வந்து போற எடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் பண்ணக் கூடாதா?" என்று வருத்தப்பட்டாள். அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை. ரொம்ப அழகாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு போன கிராமத்தில்தான் அத்தைக்கு உயிர் வந்தது. அங்கே வீடுகள் ஒரு தினுசாக இருந்தன. கீழே மரக்கட்டைகளை அடுக்கிய ஒரு அறை. அந்த அறைக்கு வெளியே தனியாகத் தூண்கள் நட்டு, அவற்றின்மேல் மாடியை உட்காரவைத்திருந்தார்கள். ஏன் இப்படி என்று அப்பா கேட்டார். அந்தக் காலத்தில் கீழ் அறையில் தறி ஓடுமாம். தறி அடிக்கிற அடியில் மாடி அதிராமல் இருக்கத் தூண் தனி, அறை தனி என்று வைத்தார்கள் என்று இங்கே சொல்வார்கள், என் பாட்டனும் நெசவாளிதான் என்றாள் பையரம்மா. அத்தை பையரம்மாவின் வேனிலிருந்து இறங்கி அந்தத் தூணைப் போய்த் தொட்டாள். எங்கள் பக்கத்திலும் அப்பாவின் தாத்தா காலம்வரை தறிதான்.

"அட, நம்ம ஒறம்பரைங்களா நீங்க! இத மொதல்லயே சொல்றதில்லீங்களா?" என்று சொந்தக்காரியைக் கண்டதுபோலப் பையரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தறிக்காரன் இருக்கற எடத்துல முருகன் இல்லாமயா இருப்பான்? தம்பி, அதென்ன மலைன்னு கேளு."

வீடுகளுக்குப் பின்னால், கூம்பாகக் கவிழ்த்து வைத்த சுண்டல் பொட்டலம் மாதிரி ஒரு மலை நின்றது. மரமெல்லாம் வெள்ளை. லவ்ஷெ என்று ஏதோ பெயர் சொன்னாள் பையரம்மா. அத்தையின் வாயில் அது அப்போதே லவுசு மலை ஆகிவிட்டது. உச்சியில் பாதி ஜெர்மனி, பாதி செக் நாடு, நடுவில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னதும் அத்தை இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எல்லையில கல்லு நட்டா அது சாமிதான?" என்றாள். "நம்மூர்ல அப்பிடித்தான?"

கல்லுக்கு ஊற்றப் பால் எங்கே கிடைக்கும் என்று அப்பா பையரம்மாவைக் கேட்டார்.

வழியில் ஒரு கடையில் பால் வாங்கினோம். பெட்டியிலிருந்து அத்தை பித்தளைச் சொம்பை எடுத்தாள். பாலை அதில் ஊற்றி, வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினாள். அடிவாரத்தில் இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம் ஷூவைக் கழற்றியதுதான். அப்பா இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிக் கொடுத்த கம்பளி ஷூ. அதை ஜோடி சேர்த்து ஒரு மரத்தடியில் ஓரமாக வைத்தாள். பிறகு வெறுங்காலைப் பனியில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"ஆத்தாடி!" என்றாள். ஆனாலும் மறுபடி வைத்தாள்.

பையரம்மா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். விரல் கறுத்துவிடும், வெட்டி எடுக்க வேண்டிவரும், நான் விடமாட்டேன் என்று கத்தியது எனக்கே புரிந்தது. அப்பா மொழிபெயர்த்தார்: "அக்கா, இங்க செருப்புப் போட்டு ஏறுனாலும் சாமி ஒண்ணும் நெனச்சுக்காதுன்னு சொல்றாங்க."

"சாமி என்ன நெனைக்கும்னு அவியளுக்கு எப்பிடித் தெரியும்? செருப்புக் காலோட மலைய மிதிக்கற பழக்கம் நம்ம ஊட்ல உண்டா?"

அப்பா பையரம்மா பக்கம் திரும்பினார். வெறுங்காலோடு நடப்பது எங்கள் ஊரில் ஒரு வைத்தியம் என்று ஆரம்பித்தார். அவள் கேட்பதாக இல்லை. வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷூ போடாவிட்டால் திரும்பிப் போகலாம் என்று நின்றுவிட்டாள். அத்தை ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி அவளையே பார்த்தாள். எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு தூரம் வந்து, சொம்பும் கையுமாக நிற்கிறவளைத் திருப்பி அனுப்புவதா என்று ஆத்திரமாக வந்தது.

அத்தை திடுதிப்பென்று வேனின் பின்கதவைத் திறந்தாள். ரிஜெக்ட் ஆன சாம்பிள் கட்டு அங்கேதான் கிடந்தது.

"இது உங்குளுக்கு ஆகாதுன்னுட்டீங்கல்ல? எனக்கு ஆகுமுங்க," என்று கட்டைப் பிரித்தாள். குழந்தைச் சட்டை ஒன்றைக் காலில் சுற்றினாள். சாம்பிள் வந்த பாலித்தீன் கவரை அதன்மேல் மாட்டினாள். அதற்குமேல் இன்னும் இரண்டு சட்டைகளைச் சுற்றி, சட்டைக் கைகளையே கயிறாக்கி முடிச்சுப் போட்டாள். "துணி செருப்பாகாது. துணி துணிதான். நெய்யறவனோட சாமிக்குத் துணிமேல என்ன கோவம் வரப்போவுது?"

பையரம்மா குனிந்து அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தாள். காலைப் பனியில் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். வழுக்கவில்லை, பூட்ஸைவிட நன்றாகப் பிடித்தது. அவள் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வாய் இறுகியிருந்தாலும் கண் சிரித்தது.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை மாதிரி இருந்தது, உள்ளே கணப்பு எரிந்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போகத்தான் பார்த்தாள். நான் அசையவில்லை. "நானும் வரேன்" என்றேன்.

"இந்தப் பனியில உன்னயத் தூக்கிட்டு ஆரு ஏறறது?" என்றாள் அம்மா.

"ஆருந் தூக்க வேண்டாம்," என்றாள் அத்தை. குரலில் அதட்டல் இல்லை. அதனாலேயே அம்மா என் கையை விட்டுவிட்டாள். அத்தை என் பக்கம் திரும்பினாள். "இந்த இரும்பு பூட்ஸோட மலையேற முடியாது கண்ணு. கழட்டு."

பனியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, இடது காலுக்கு முதலில் சுற்றினாள். ரொம்ப நேரம் சுற்றினாள். வலது காலுக்கு அந்த அக்கறை இல்லை, மடமடவென்று முடித்துவிட்டாள். எனக்கு ஒரே ஆனந்தம். மஞ்சளும் நீலமுமாகக் குழந்தைச் சட்டைகள் சுற்றிய என் கால்கள் யானைக்குட்டியின் கால்கள்போல இருந்தன, ஆனால் காற்றுபோல லேசாக இருந்தன.

பால் சொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தை முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அப்பா, கடைசியில் பையரம்மா. பாதை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. "கந்தனுக்கு!" என்றாள் அத்தை. அரோகரா போட ஆள் இல்லை. அப்பாவுக்கு வெட்கம். நான்தான் போட்டேன். மரத்திலிருந்த பனி பொலபொலவென்று என் தலையில் உதிர்ந்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த தடவை இன்னும் உரக்கக் கத்தினேன்.

ஒவ்வொரு வளைவிலும் அத்தை நின்றாள். "மூச்சு வாங்குது" என்பாள், திரும்பி நின்று என்னைப் பார்ப்பாள், நான் பக்கத்தில் போனதும் நடப்பாள். பழநிக்கு ராத்திரி பகலாக நடக்கிறவளுக்கு இந்தத் துக்கடா மலையில் என்ன மூச்சு வாங்குகிறது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி மலையில் செங்குத்தாக ஒரு ஏற்றம் வந்தது. மரக்கட்டை வைத்த படிகள், கட்டையெல்லாம் கண்ணாடிபோல உறைந்து கிடந்தன. என் கால் வலித்தது. வலித்தது என்று சொன்னால் தூக்கிக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மூஞ்சியைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "வா கண்ணு, அப்பா தூக்கிக்கறேன்" என்று பின்னாலிருந்து அள்ளினார். அவர் போட்டிருந்ததோ ஆபீஸ் ஷூ. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்து, கீழ்வளைவு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய், பையரம்மாவின் காலில் முட்டி நின்றோம்.

மேலேயிருந்து அத்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"உடு அவள! தம்பி, கைய எடு! அவளா வருவா!"

அப்பா கையை எடுத்துவிட்டார். நான் எழுந்தேன். முழங்கால் சிராய்ந்து எரிந்தது. படிக்கு மேலே அத்தை ஒரு கையால் சொம்பைப் பிடித்தபடி சிலைபோல நின்றிருந்தாள். இறங்கிவந்து கை கொடுப்பாள் என்று பார்த்தேன். வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று வந்த கோபத்தில்தான் முதல் படியில் கால் வைத்தேன். இடது காலை ஊன்றி வலது காலை எடுத்தேன். ஊன்றிய கால் நின்றது. அடுத்த படியிலும் நின்றது. கையையும் ஊன்றி, மூக்கு ஒழுக, வாயில் வந்த திட்டையெல்லாம் முருகன் பேரில் போட்டு, ஒவ்வொரு கட்டையாக ஏறினேன். கடைசிப் படியில் அத்தையின் துணிக்கால்களுக்குப் பக்கத்தில் என் துணிக்கால்கள் வந்து நின்றன. அவள் சொம்பைச் சரிசெய்துகொண்டு, "கந்தனுக்கு" என்றாள். நான் அடித்தொண்டையில் அரோகரா போட்டேன். கீழேயிருந்து இன்னொரு அரோகரா கேட்டது. பையரம்மா!

அதற்குமேல் நான் அத்தையை முந்திக்கொண்டு போனேன். அவளும் விட்டாள்.

உச்சியில் வெயில் அடித்தது. காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு பக்கமும் வெள்ளை மலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, எது எந்த நாடு என்று சொல்ல முடியாது. நடுவில் என் இடுப்பளவுக்கு ஒரு வெள்ளைக் கல் நின்றது. நான் நேரே போய், கல்லைத் தாண்டி, இடது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். பாஸ்போர்ட் கீழே அம்மாவின் கைப்பையில் இருந்தது. எங்கள் குலத்தில் செக் நாட்டு மண்ணை முதன்முதலில் மிதித்தவள் நான், அதுவும் எந்தக் காலால் மிதித்தேன் என்பதை எங்கள் ஜில்லா முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

அத்தை கல்லின்மேல் இருந்த பனியைத் துடைத்து, திருநீற்றுப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, பாலை ஊற்றினாள். பையரம்மா நாலாபக்கமும் பார்த்தாள். இரண்டு அரசாங்கங்களுக்குச் சொந்தமான கல் அல்லவா? அந்த நேரம் பார்த்துச் செக் நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வயதான புருஷனும் பெண்டாட்டியும் கோல் ஊன்றிக்கொண்டு மேலே வந்தார்கள். போலீஸ் என்று அப்பா பயந்தார். அவர்களோ இதை ஏதோ கல்யாணச் சடங்கு என்று நினைத்து எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். காற்றில் கற்பூரம் பற்றவில்லை. அந்தத் தாத்தா தன் லைட்டரை நீட்டினார். கல்லைச் சுற்றி அவர்கள் இரண்டு பேரும், பையரம்மாவும், அப்பாவும், நானும் தோளோடு தோள் ஒட்டி நின்று காற்றை மறித்தோம். கற்பூரம் குப்பென்று பிடித்தது. "வெற்றிவேல்!" என்று அத்தை போட்ட சத்தம் நிச்சயமாக இரண்டு நாட்டுக்கும் கேட்டிருக்கும்.

எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டாள். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து கோட்டுப் பையில் வைத்திருந்த பஞ்சாமிர்தத்தைக் கொடுத்தாள். தாத்தா நாக்கைச் சப்புக்கொட்டினார், பதில் மரியாதையாகச் சட்டைக்குள்ளிருந்து ஒரு தட்டையான பாட்டிலை எடுத்து, அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றி அத்தையிடம் நீட்டினார். அப்பா தடுப்பதற்குள், அத்தை அதைத் தீர்த்தம் என்று உள்ளங்கையில் வாங்கி, பயபக்தியோடு உறிஞ்சி, மீதியைத் தலையில் தடவிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் வாயில் பட்ட முதல் சொட்டு அது.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். துணி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தாள். சட்டென்று கல்லுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கம்பெனியே நடுங்குகிற அத்தை சின்னப்பிள்ளைபோலத் தேம்பினாள். எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் இப்படித்தான் ஆகும். தாத்தாவை முறைத்துப் பார்த்தேன். தாத்தாவின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவரும் குடித்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

கீழே வந்தபோது அம்மா டீக்கடை வாசலிலேயே நின்றிருந்தாள். "கடைசி வரைக்கும் அவளாத்தான் ஏறுனா," என்று அப்பா சொன்னார். அம்மா என்னைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரத் துணியை அவிழ்த்து, என் இடது பாதத்தைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். குளிர் எடுக்கிறதா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்து, "அதெல்லாம் ஜில்லுனு இல்லம்மா" என்றேன். பையரம்மா நெற்றி நிறையத் திருநீற்றோடு டீ கொண்டுவந்து வைத்தாள். அழிக்கவே இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போகிறவரை அப்படியேதான் வேன் ஓட்டினாள்.

ஆர்டர் கிடைத்தது. ரிஜெக்ட் ஆன துணிதான் பனியில் பிரமாதமாக நின்றதே, அதே துணியில் இன்னும் நல்ல கலரில் பண்ணுங்கள் என்று பையரம்மாவே கேட்டாள். முதலிபாளையத்தில் பழைய கட்டடத்தின்மேல் பேக்கிங்குக்கென்று ஒரு மாடி எழும்பியது.

அடுத்த வருஷம் தைப்பூசம் வந்தது. மாலை போட்ட கூட்டம் கம்பெனி வாசலில் வந்து அத்தையைக் கூப்பிட்டது. "நீங்க போய்ட்டு வாங்க சாமி" என்று வாழைத்தார் கொடுத்து அனுப்பிவிட்டு, புது மாடியில் உட்கார்ந்து டப்பாவுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அத்தை இந்த வருஷம் நடக்கல? கால் சொகுசு கேக்குதா?"

அவள் சிரித்தாள். "வேண்டுனது கெடச்சிருச்சு கண்ணு. அப்பறம் எதுக்கு நடக்கோணும்?"

சுற்றிலும் கூரைவரைக்கும் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றின்மேலும் பையரம்மாவின் ஊர்ப்பெயர். ஓ, ஆர்டரைச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நான் முன்னமே கண்டுபிடித்ததுதானே. அதற்குள் கீழேயிருந்து யாரோ என்னை விளையாடக் கூப்பிட்டார்கள். புதுப் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினேன். மேலே அத்தை இருந்தாள், பாதிப் படியில் அம்மா வந்துகொண்டிருந்தாள், கீழே வாட்ச்மேன் நின்றிருந்தார். ஒருத்தர்கூட "மெதுவா" என்று சொல்லவில்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.